பத்து லட்சத்துக்கு எண்பத்தொண்ணு குறைச்சல்

ஹலோ... தையல்கடை அம்மாதானே? வச்சிடாதீங்க, வச்சிடாதீங்க! நான்தான்... கணக்கு சார். ஆமா, ஆமா, அதே ஆளுதான்.

...இல்லம்மா, பொண்ணு மேல புகார் இல்ல. தப்பு என் மேல. ...ஆமா, அந்த எண்தான். ஒன்பது லட்சத்துத் தொண்ணூத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது. பகா எண், எதாலயும் வகுபடாதுன்னு அடிச்சுச் சொன்னேனே... வகுபடுதும்மா.

...தெரியும். திங்கக்கிழமையே கால்குலேட்டரோட வந்தீங்க. நான் திரும்பிக்கூடப் பாக்காம, "ஊசி நூலோட நிறுத்திக்குங்க"ன்னு... ஐயோ, திருப்பிச் சொல்லாதீங்கம்மா. கூசுது.

...அவ எழுதினது சரிதான். பத்து லட்சத்துல எண்பத்தொண்ணு குறைச்சல். பத்து லட்சம் ஆயிரத்தோட வர்க்கம், எண்பத்தொண்ணு ஒன்பதோட வர்க்கம். அப்போ ஆயிரத்தோட ஒன்பதைக் கூட்டி ஆயிரத்து ஒன்பது, கழிச்சுத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொண்ணு, ரெண்டையும் பெருக்கினா முடிஞ்சுது. ரெண்டே வரி. அது மேலதான் நான் சிவப்பு மையில "உளறல்"னு...

...வகுத்துப் பாக்காமலா இருப்பேன்? ஆயிரத்துக்குள்ள நூத்து அறுபத்தெட்டு பகா எண் இருக்கு. உக்காந்து ஒவ்வொண்ணா, நூத்து அறுபத்தாறு முடிச்சுட்டேன். ரெண்டே ரெண்டு பாக்கி. இத்தனையில வகுபடாதது இதுலயா வகுபடப்போகுதுன்னு பேனாவை மூடிட்டேன். ...ம். அந்த ரெண்டுல ஒண்ணுதான். சிரிங்க, சிரிங்க. எனக்கு வேணும்.

சரி, கேளுங்க. மார்க்கைத் திருத்திட்டேன், இப்போ அவதான் முதல். கணக்குப் போட்டிக்குப் பேரு கொடுக்க இன்னிக்கு நாலு மணி கடைசி. அவ வந்து ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்... என்ன? வரமாட்டாளா? கணக்குப் புத்தகத்தையே தொடறதில்லையா? ...

...ஆமா. அவ எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். நாப்பது பிள்ளைங்க முன்னாடி. ஆமா, சிரிக்கவும் வச்சேன்.

...மன்னிப்பா? கிளாஸ்லயா? அதே நாப்பது பேர் முன்னாடியா? அது வந்து... ஒரு கடிதமா எழுதிக் கொடுத்துடட்டுமா? இல்ல, தனியா கூப்பிட்டு... பசங்களுக்கு ஒரு பயம் இருக்கணும் பாருங்க, நாளைக்கு நான் போர்டுகிட்ட நின்னா... நமக்குள்ளயே முடிச்சுக்கலாமே, யாருக்கும் தெரிய வேண்டா...

...என்ன? ஸ்பீக்கர்லயா? எப்போலேர்ந்து? ...ஹலோ சொன்னதுலேர்ந்தா! ...ரெண்டு கையும் துணியிலயா... கடையில எத்தனை பேரு? ...அவளுமா? அவளும் அங்கேயேதான் இருக்காளா?

...

அம்மாடி. கேக்குதா? ... கடிதம்னு சொன்னேனே, அது கோழைத்தனம். நீ சரி, நான் தப்பு. நீ ரெண்டு வரியில பாத்ததை நான் நூத்து அறுபத்தாறு வகுத்தலுக்கு அப்புறமும் பாக்கல. அதுக்கு உன்னைக் கேலி பண்ணேன். மன்னிச்சுடும்மா. இதையே கிளாஸ்ல சொல்றேன், இதே வார்த்தையில. ...அம்மாடி?

...யாரு, அம்மாவா? அவ எங்க? ...ஸ்கூலுக்குக் கிளம்பிட்டாளா? செருப்பை மாட்டிக்கிட்டு... முகம் எப்படி இருந்துச்சு?

...ம். இருக்காதா பின்ன. கோபமாவே வரட்டும்மா. வந்தாப் போதும். நான் பிள்ளைங்களை உக்கார வச்சு... ஹலோ? ...ஹலோ?