நனையாத போன்

“அவன் திருடன் இல்லன்னு தெரிஞ்ச பொறவுதான்லே எனக்குப் பயமே வந்துது.”

குற்றாலத்திலிருந்து தென்காசி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவர் சொன்னார். தலை இன்னும் காயவில்லை. பக்கத்தில் அவருடைய சிநேகிதர், தோளில் ஈரத் துண்டோடு.

“யாரச் சொல்லுத?”

“நீ எண்ணெ தேய்க்க உக்காந்திருந்தேல்லா, அப்ப நடந்துது. அருவி வரிசையில எனக்குப் பின்னால ஒருத்தன் நின்னான். கொஞ்சம் வச்சிக்கிடுங்கன்னு என் போன அவன்கிட்ட குடுத்துட்டுக் குளிக்கப் போனேன். வந்து பாத்தா ஆளக் காணல.”

“பொறவு?”

“தேடிப் போனா ஒரு கடைக்குள்ள நிக்கான். கையப் பிடிச்சு இழுத்து ரெண்டு அறை விட்டேன். அங்கன நின்னவங்களும் சேந்து அடிச்சாங்க.”

“கொண்டுட்டு ஓடப் பாத்தானோ?”

“இல்லலே. நான் குளிக்கையில சாரல் வலுத்துட்டு. போன் நனைஞ்சிருமேன்னு கடைக்குள்ள ஒதுங்கியிருக்கான். வரிசைய விட்டுட்டதுனால அவன் குளிக்கவே இல்ல.”

சிநேகிதர் அவர் பக்கம் திரும்பினார்.

“மன்னிப்புக் கேட்டியா?”

“எங்கன கேக்க? உதட்டுல ரத்தம் வருது. ‘நனையல அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க’ன்னு போன நீட்டுதான்.”

பஸ் மேலகரத்தைத் தாண்டியது. அவர் அந்தப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தக் காலத்துல எவன்லே இப்படி இருப்பான்? போனுக்குள்ள என்னமோ பண்ணியிருக்கான். எறங்குனதும் கடையில குடுத்துப் பாக்கணும்.”

“மொதல்ல அதச் செய்யி” என்றார் சிநேகிதர்.