தாலுகா ஆபீஸ் வாசல்ல மூணு அண்டா

கையில இருக்கிற கரண்டியை ரெண்டு நிமிஷம் கீழ வையுங்க... சோறு போடுற உங்களுக்குன்னே ஒரு குட்டிக் கதை வச்சிருக்கேன்.

முந்திரி உடைக்கிற ஊர் ஒண்ணு. அங்க நம்மள மாதிரியே மூணு கூட்டம் தினம் மத்தியானம் சோத்துப் பொட்டலம் குடுக்குது. ஆட்டோ ஸ்டாண்டுக்காரங்க, வியாபாரிகள் சங்கம், அப்புறம் ஒரு ரசிகர் மன்றம். ஒருத்தருக்கு ஒருத்தர் ஆகவே ஆகாது! "அவன் சாம்பார்ல பருப்பு இருக்கா?"ன்னு இவன் கேப்பான்.

அப்படிப்பட்டவங்க ஒரு நாள் ஒண்ணா உக்காந்தாங்க. எதுக்கு? பசியை ஒழிக்கவா? அட, இல்லீங்க... திருடியைப் பிடிக்க! அஞ்சலாட்சின்னு ஒரு அம்மா மூணு வரிசையிலயும் நின்னு பொட்டலம் வாங்குதாம்.

ஆட்டோ ஸ்டாண்டு கலியமூர்த்தி எகிறினார். "ஏம்மா, ஒரு வயித்துக்கு மூணு பொட்டலமா?"

அந்தம்மா அழல. கெஞ்சல. ரெண்டு கையையும் அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டுச்சு.

"நல்லா பாருங்கண்ணே. இருபது வருஷமா முந்திரி உடைக்கிறேன். கொட்டையில வர்ற எண்ணெய் பட்டுப் பட்டு ரேகையே அழிஞ்சு போச்சு. ரேஷன் கடை மெஷின்ல விரலை வச்சா, நான் அஞ்சலாட்சியே இல்லங்குது. ஆறு மாசமா அரிசி கிடையாது. வீட்ல நாலு பேரு. எங்க தெருவே இப்படித்தான் நிக்குது. இப்ப சொல்லுங்க... நான் திருடியா?"

கலியமூர்த்திக்கு அவமானமாப் போச்சு. "ஆறு மாசமா சோறு போட்டோமேய்யா... 'ஏம்மா வரிசையில வந்து நிக்கிற'ன்னு ஒரு வார்த்தை கேட்டோமா? பருப்பு இருக்கான்னுல்ல பாத்துக்கிட்டிருந்தோம்!"

மறுநாள் மூணு அண்டாவும் ஒரே வண்டியில ஏறிச்சு. எங்க இறங்குச்சு? தாலுகா ஆபீஸ் வாசல்ல! அடுப்பு மூட்டியாச்சு. அதிகாரி ஓடி வர்றார்.

"யோவ்! இது ஆபீஸா, கல்யாண மண்டபமா? போலீஸைக் கூப்பிடுவேன்!"

கலியமூர்த்தி அசரல. "தாராளமா கூப்பிடுங்க சார். அவங்களுக்கும் சேத்துத்தான் உலை வச்சிருக்கோம். பசி இங்கதான் உற்பத்தியாகுது, அதான் சோத்தையும் இங்கயே வடிக்கிறோம். ரேகை விழாதவங்ககிட்ட நோட்டுல கையெழுத்து வாங்கிட்டு அரிசி குடுங்க. அது வரைக்கும் இந்த அடுப்பு அணையாது!"

முத நாள் முறைச்சார். ரெண்டாம் நாள் மெரட்டினார். மூணாம் நாள்... ரேஷன் கடைக்குக் கையெழுத்து நோட்டு வந்துச்சு!

அஞ்சலாட்சி அரிசிப் பையோட வேகமாப் போவுது. கலியமூர்த்தி கூப்பிடுறார். "யம்மா, பொட்டலம் வேணாமா?"

"நீங்களே சாப்பிடுங்கண்ணே. நான் போய் உலை வைக்கணும், நேரமாச்சு!"

கேட்டீங்களா? இந்தப் பதிலுக்காகத்தான் நாம சோறு போடணும்! பசிச்சு வந்தவங்களை நாளைக்கு வான்னு அனுப்ப முடியாது, போடுங்க. ஆனா வெறுமனே போட்டுக்கிட்டே இருந்தா, அரிசியை நிறுத்தினவன் நிம்மதியாத் தூங்குவான். அவன் தூங்குறதுக்கா நாம வெறகு சொமக்கிறோம்? அந்த மூணு கூட்டமும் தனித்தனியா மனு குடுத்திருந்தா, வாங்கி மேசைக்கடியில போட்டிருப்பாங்க.

உங்க ஊர்ல பசி எந்த வாசல்ல உற்பத்தியாகுது? பக்கத்துல உக்காந்திருக்கிறவரைக் கேளுங்க. சேந்து கண்டுபிடிங்க... நாளைக்கு அண்டா அங்க இறங்கட்டும்!