ஈரப் புல்

— இன்னொரு தடவ கேக்கறேன் மாமா. புல்லுப் போருக்குத் தீ வச்சது நீதான?

— மாப்ளே, கயிறக் கொஞ்சம் தளர்த்து. மாட்டக் கட்டுற முடிச்ச மனுஷனுக்குப் போடாத. கை மரத்துப் போச்சு.

— மரக்கட்டும். தீ வச்ச கைதான?

— நான் வைக்கல.

— வைக்கல? இந்தா!

— ஐயோ அம்மா... அடப்பாவி, பல்லு போச்சுடா!

— வாயில இன்னும் நிறைய இருக்கு. பல்லுக்கு ஒரு கேள்வின்னு கேக்கறேன், பொறுமையா பதில் சொல்லு. காலையில இரும்புக் கம்பியும் கையுமா போருகிட்ட நின்ன. என் ரெண்டு கண்ணால பாத்தேன். மத்தியானம் போரே சாம்பல். வருஷம் பூரா மாடு திங்க வேண்டிய புல்லு! கம்பியில துணியச் சுத்திப் பத்த வச்சிருக்க.

— கம்பி சூடு பாக்கறதுக்குடா. போர் நடுவுல சொருகி, கொஞ்ச நேரம் விட்டு உருவணும். தொட முடியலைன்னா உள்ளுக்குள்ள வேகுதுன்னு அர்த்தம். காலையிலயே கொதிச்சுது. பிரிச்சுப் போடுன்னு உன்கிட்ட ஓடி வந்தேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்ட.

— புல்லு தானா வேகுமா? யாருக்குக் காது குத்தற?

— ஈரப் புல்லு வேகும். அறுத்துப் போட்டு நல்லா ஒரு வெயில் காயல. மேகம் கூடுதுன்னு அள்ளி அடுக்கிட்ட. காயாத புல்லு குழிக்குத்தான் போகணும், நறுக்கிப் போட்டு, மிதிச்சு, காத்துப் போகாம மூடினா பதமா புளிச்சு நிக்கும்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?

— மாட்டுக்கு ஊறுகாய் போட வந்த ஆளு! எங்கப்பா நிலத்துல குழி வெட்ட நீ யாரு? பொண்ணக் கட்ட வந்தவன் பண்ணையையே கட்டிக்கிட்ட. பால் வாங்க வர்றவன்கூட இப்ப உன்னத்தான் முதலாளின்னு கூப்பிடறான்.

— அதான பாத்தேன். குழி மாமன் வெட்டினது, அதுல போட்டா மாமன் ஜெயிச்ச மாதிரி ஆயிரும். எதிரிக்குச் சகுனத் தடைன்னு தன் மூக்கையே அறுத்துக்கிட்ட கதை.

— வாய மூடு! இது புல்லு வாரற முள்ளு. நாலு முனை. தொண்டையில இறக்கினா மறு பக்கம் வந்துரும்.

— ஆ! குத்தாத, குத்தாதடா... ரத்தம் வருது பாரு. உங்க அக்கா எங்க? அவளக் கூப்பிடு.

— எதுக்கு, முந்தானையில ஒளிஞ்சுக்கவா? குறுக்க விழுந்து என் கையக் கடிச்சு வச்சா. பாரு, பல்லுத் தடம். முடியப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்ப் பூட்டி வச்சிருக்கேன்.

— கூடப் பொறந்தவளையா?

— உன் பக்கம் பேசினதுக்கப்புறம் என்ன அக்கா? ரொம்ப நேரம் கத்தினா, கதவ உதைச்சா. இப்பதான் அடங்கினா. நீயும் அடங்குவ.

— சரி மாப்ளே. கொல்றதுன்னா கொல்லு. அதுக்கு முன்ன ஒண்ணே ஒண்ணு சொல்லு. கொட்டகைக்குள்ள அடுக்கினதும் அதே புல்லுதான?

— ஆமா. அதுக்கும் வத்தி வச்சிட்டியா?

— கொட்டகைக்குப் பின்பக்கம் பலகை இடுக்கு வழியா இன்னொரு கம்பி சொருகியிருக்கேன். அத உருவப் போகும்போதுதான் நீ மண்டையில போட்ட. போ, போய் உருவிப் பாரு.

— நான் அந்தப் பக்கம் போனதும் ஓடிரலாம்னு பாக்கறியா?

— என் கால முறிச்சதே நீதான்டா. எதுல ஓடுவேன்?

— இரு. கம்பி சில்லுன்னு இருந்துச்சுன்னா, அதே கம்பியால உன் கண்ண நோண்டுவேன்.

— நோண்டு. மொதல்ல போய்ப் பாரு.

— மாமா! மாமா!

— என்ன அதுக்குள்ள ஓடி வர்ற? கம்பி எங்க?

— தொட்டதும் உள்ளங்கைத் தோலு கம்பியோட போயிருச்சு. அங்கயே போட்டுட்டேன். இடுக்கு பூராப் புகை, மாமா. வெல்லம் கருகின மாதிரி வாடை.

— அப்ப உள்ள கங்கு கனிஞ்சிருச்சு. இப்பவாவது நம்பறியா?

— நீங்க... உங்க பல்லு... நான் உங்கள...

— 'உங்க'ளா? மரியாதை திரும்பி வந்துருச்சே! சரி சரி, கால் ஒட்டிக்கும். அழாம நான் சொல்றதக் கேளு. அந்தக் கொட்டகைக் கதவ மட்டும் தொடாத.

— திறக்கணும் மாமா.

— உனக்கென்ன பைத்தியமா? காத்து பத்தாமத்தான் இன்னும் கனிஞ்சுக்கிட்டே கிடக்கு. கதவத் திறந்தா குப்புன்னு பிடிச்சு, திறக்கறவனையும் சேத்து இழுத்துக்கும்.

— மூடியே கிடந்தா?

— உள்ளுக்குள்ள புகைஞ்சு புகைஞ்சு, அப்புறமா எரியும். புல்லுதான? போனா போகுது. மாடு கன்னெல்லாம் வெளியதான இருக்கு?

— எல்லாம் வெளியதான் இருக்கு.

— அப்புறம் என்னடா நடுங்கற? ஒரு உயிருக்கும் சேதம் இல்ல. இந்தக் கயிற அவுத்துட்டு, போய் உங்க அக்காவத் திறந்து விடு. வந்து நம்ம ரெண்டு பேரையும் நாலு சாத்து சாத்தட்டும்.

— மாமா... அக்காவ அந்தக் கொட்டகையிலதான் போட்டுப் பூட்டியிருக்கேன்.