யாரும் இல்லை என்று ஒரு கையெழுத்து

இரவு இரண்டே கால். நவம்பர் மாதம். பிரான்சில் ழூரா மலையடியில் செஸ்ஸி கிராமத்துக்குப் போகும் சாலை... மூடுபனி. எதிரே ஒரு வண்டி இல்லை. என் தம்பி மகள் க்ளோதில்ட் வேலைக்குத் தனியாகக் காரில் போய்க்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். இந்தச் சாப்பாட்டு மேசையிலும் சொன்னவர்கள் உண்டு. நம் பெர்த்தே குடும்பத்தில் பொய் சொன்னவர் இல்லை. கேளுங்கள்.

பூமிக்கடியில் நூறு மீட்டர். அங்கே ஒரு வளையக் குழாயில் அணுத் துகள்களை எதிரெதிராக ஓடவிட்டு மோதவைக்கிறார்கள். தெறிப்பதைப் பிடிக்க மூன்று மாடி உயரத்தில் ஒரு கருவி. ஏழு வருடமாக அவளுடைய ஆராய்ச்சி அதுதான். அன்று ஒரு கேபிள் கெட்டுத் துகள் ஓட்டம் நின்றிருந்தது. அவளும் பஸ்தியன் என்ற பொறியாளரும் இறங்கிச் சரிசெய்தார்கள்.

இறங்கும் ஒவ்வொருவரும் மேலே உள்ள பலகையிலிருந்து ஒரு சாவியை எடுத்துப் போக வேண்டும். எல்லாச் சாவிகளும் பலகைக்குத் திரும்பி வந்தால்தான் துகள் ஓடும். ஆள் உள்ளே இருக்கும்போது ஓடினால்... அவ்வளவுதான்.

ஏறி வந்து இருவரும் சாவிகளை மாட்டினார்கள். இன்னும் ஒரு துளை காலி.

மறுபடி இறங்கித் தேடினார்கள். இரண்டு முறை. சூடேறிய கேபிளின் வாசனை. எங்கோ தண்ணீர் சொட்டும் ஓசை. ஆள் இல்லை.

“எவனாவது பாக்கெட்ல போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். போன வாரம் நீயே கொண்டு போகலையா, டாக்டரம்மா?” என்றான் பஸ்தியன்.

“மறுநாள் காலையிலயே திருப்பிக் குடுத்தேன்.”

“அதான் சொல்றேன். பொறுப்பாளர் நீ கையெழுத்துப் போட்டா மாத்துச் சாவி தருவாங்க.”

“உள்ள ஆள் இருந்தா?”

“இருந்தா நீ ஜெயிலுக்குப் போ. ஞாயித்துக்கிழமை சீஸ் வாங்கிட்டு நான் பாக்க வரேன்.”

அவள் சிரித்துவிட்டாள். ‘உள்ளே யாரும் இல்லை’ என்று எழுதி, கீழே எங்கள் குடும்பப் பெயரோடு கையெழுத்திட்டாள்.

மூன்றே முக்காலுக்கு ஓட்டம் தொடங்கியது. கருவியின் வெளிச்சுவர்த் தகடுகளில் துகள் பட்ட இடமெல்லாம் மேலே கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஒளிரும். எப்போதும் ஒரே சமயத்தில் எங்கும் சிதறித்தான் ஒளிரும். நாலு பத்துக்கு... ஒரு தகடு மட்டும். சற்று இடைவெளி. பக்கத்துத் தகடு. மறுபடி இடைவெளி. அடுத்தது. ஓர் ஆள் நடக்கிற வேகம். லிஃப்ட் இருக்கும் பக்கமாக.

“கருவிக் கோளாறு” என்றான் பஸ்தியன்.

அப்போது லிஃப்டின் விளக்கு எரிந்தது. கீழேயிருந்து யாரோ பொத்தானை அழுத்துகிறார்கள். அணைந்தது. எரிந்தது. அணைந்தது...

“நிறுத்தணும்.”

“யாரும் இல்லன்னு நீதானே எழுதிக் குடுத்த? இப்ப நிறுத்தினா அது பொய்க் கையெழுத்துன்னு ஆயிரும். உன் பேரு போச்சு.”

அவள் சிவப்புப் பொத்தானை அடித்தாள். ஓட்டம் நின்றது. பெயரும் போயிற்று. அந்த வருடமே அவளை அனுப்பிவிட்டார்கள். அவளுடைய இடத்தில் நான் இருந்தாலும் அடித்திருப்பேன்.

இருவரும் இறங்கினார்கள். லிஃப்டில் எடை காட்டும் எண்: இருவருக்கும் சேர்த்து நூற்று முப்பத்தெட்டு கிலோ. கீழே மூலை முடுக்கெல்லாம் தேடினார்கள். யாரும் இல்லை. திரும்பி ஏறினார்கள். கதவு மூடியது.

இருநூற்றுப் பதினொன்று.

பஸ்தியன் அதை முதலில் பார்த்தான். அவளும் பார்த்தாள். பின்னால் திரும்ப இருவருக்கும் துணிவில்லை. நூறு மீட்டர்... மெதுவான லிஃப்ட்.

மேலே கதவு திறந்தது. இருவரும் வெளியே வந்தார்கள்.

எண் எழுபத்து மூன்றில் நின்றது.