எலுமிச்சம்பழம் உருண்ட நேரம்

உக்காருங்க மாமா, எதுக்கு நிக்கிறீங்க? வயசுல நீங்க எனக்குச் சின்னவருதான். ஆனா காலையில ஒங்க மக கழுத்துல தாலி கட்டுனப்பறம் மாமாதானே. செத்த சிரிங்களேன்.

இங்கிட்டு வாங்க, கடியாரம் காட்டுறேன். மொத்தம் இருவத்தேழு. ஆலங்குடியில இதையெல்லாம் பாக்காத ஆளு நீங்க ஒருத்தருதான். இந்தா, இதுல பித்தானை அமுக்குனா மணி எத்தனைன்னு அடிச்சுச் சொல்லும், வெளக்கே வேணாம். கேட்டீங்களா? நாலு. இது சாவி இல்லாம தலையத் திருகுனாலே ஓடுறது. வந்த புதுசுல வெள்ளக்காரனே வாயப் பொளந்தானாம்.

இது தெரியுதா? தெரியாமயா இருக்கும். கொழும்புல ஒரு தொரை செத்து, ஏலத்துல எடுத்தது. தொறக்குறேன், பாருங்க. உள்ள தலமுடி கனத்துக்கு ஒரு சங்கிலி, கூம்பு மேல சுத்திச் சுத்தி ஏறுது பாத்தீங்களா? ஸ்பிரிங்கு தளர்ந்தாலும் ஓட்டம் தளரக்கூடாதுன்னு செஞ்ச ஏற்பாடு. நூத்தம்பது வருசத்துக்கு முந்தியே என்னா மூளை!

ஒங்க மக சந்தனம் பொறந்த அன்னிக்கு இதைத்தானே எரவல் கேட்டு வந்தீங்க. நான் எரவல் குடுப்பனா? நானே கொண்டாந்து ஒங்க வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்தேன். உள்ளருந்து மருத்துவச்சி எலுமிச்சம்பழத்த உருட்டிவிட்டா, பிள்ளை பொறந்துருச்சுன்னு. பாத்துச் சொன்னேன், காலையில பத்து மணி பத்து நிமிசம். ஜோசியரு பஞ்சாங்கத்தப் பெரட்டுனாரு. பத்தரை வரைக்கும் ஆயில்யம், அப்பறம் மகம். ஆயில்யம்னு எழுதிட்டாரு, மாமியாருக்கு ஆகாது. ஒங்க மூஞ்சி சுருங்குனது இன்னும் எனக்குக் கண்ணுல நிக்கிது.

பாவம், ஆத்தா இல்லாத மாப்பிள்ளை தேடி எத்தன ஊரு அலைஞ்சீங்க! கறம்பக்குடி வாத்தியாரு பையனுக்கு மட்டும் ஜாதகம் தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிப் பாத்தீங்க. அவனும் சரின்னுட்டான். ஆத்மநாதன் மக ஆயில்யம்னு அவன் ஆத்தா காதுல யாரோ போட்டுட்டாங்க. யாரோ என்ன, நாந்தான்.

இருங்க, இருங்க. அதுக்குள்ள எந்திரிக்கிறீங்க. அன்னிக்கு ஒங்க வீட்டுலருந்து நேரா தாலுகா கச்சேரிக்குப் போனேன். அஞ்சு நிமிச நடை. அங்க பதினொண்ணு அடிக்கிறான், இதுல பத்து இருவது. சங்கிலியில ஒரு கண்ணி நழுவியிருந்துச்சு. அப்ப சந்தனம் பொறந்தது பத்து அம்பதுக்கு. மகம். ராணியா வாழ வேண்டிய நச்சத்திரம்.

ஏன் சொல்லலையா? என் கடியாரம் பொய் சொல்லுச்சுன்னு ஊரு சிரிக்கவா? ஆறப்போட்டுச் சொல்லிக்கலாம்னுதான் இருந்தேன். முந்தா வருசம் என் சம்சாரம் போனா. அப்பறம் ஒங்க மகளப் பாத்தேன், சொல்லவே வேணாம்னு தோணிருச்சு. எங்க ஆத்தா உசுரோட இருந்ததுதான் எடஞ்சல். கெழவியும் மாசியில போய்ச் சேந்துட்டா. பங்குனியில நீங்களே தேடிக்கிட்டு வந்து, பொண்ணக் கட்டிக்கங்கன்னு கும்புட்டீங்க. நான் ஒரு வார்த்தை கேட்டனா?

ஊருக்குச் சொல்லப் போறீங்களா? சொல்லுங்க. இருவத்தோரு வருசம் கழிச்சு எவன் நம்புவான்? மொதல்ல அவகிட்டச் சொல்லுங்க. உள்ளதான் இருக்கா, மாலையக்கூட இன்னும் கழட்டல. போங்க.

என்ன, அவ இருக்குற அறை வாசப்படி வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டீங்க? வாய் வரலையா? எனக்கும் இத்தன வருசமா அப்படித்தான் மாமா.