கடைசித் திருகு

நியாயம் அறிந்தோரே, சற்று அருகே வாருங்கள். என் கார்ப் பட்டறைச் சுவரில் சட்டை மாட்டும் கொக்கிகள் இரண்டு உண்டு. ஒன்று காலி. அதில் தொங்க வேண்டிய சட்டை என் தங்கையின் கணவருடையது. நேற்று அது போய்விட்டது, உள்ளே ஆளும் சேர்ந்து. இந்த அநீதிக்கு உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன்.

கருவிகள் உழைப்பவனுக்கே சொந்தம் என்று மேடைதோறும் முழங்கியவன் நான். வீட்டிலும் அப்படியே. பழைய வண்டி ஒன்றின் எஞ்சினைத் தனியாளாகப் பிரித்துக் கோத்து, நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் நிற்கக் காட்டினால், பாதிக் கருவிகளோடு சொந்தப் பட்டறை வைக்கலாம் என்று மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுத்தேன். மனிதர் அன்று முழுக்கச் சீட்டியடித்தார்.

எங்கள் பட்டறையில் ஒரே ஒரு வழக்கம். யார் கோத்த எஞ்சினானாலும், வால்வுத் திருகுகளைக் கடைசியாகச் சரிசெய்து மூடி போடுபவன் நான். நான் போட்ட மூடியை எவரும் திறப்பதில்லை.

மாப்பிள்ளை கோத்து முடித்தார். மூன்றாவது சிலிண்டரில் அழுத்த அளவுமானியின் முள் ஞாயிற்றுக்கிழமை சோம்பேறியைப் போலப் படுத்தே கிடந்தது.

"மச்சான், எண்ணெய் விட்டும் பாத்துட்டேன். பிஸ்டன் ரிங் கோளாறுன்னா முள்ளு கொஞ்சமாவது ஏறணும். ஏறல. கோளாறு மேல, வால்வுலதான்."

"மேலன்னா நான் தொட்ட இடமாச்சே. என் கைமேலயே சந்தேகமா மாப்ள?"

"ஐயோ, அப்படி இல்ல மச்சான்."

அவர் கணிப்பில் பழுதே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. ஆயினும் மரியாதை தெரிந்தவர். குற்றமற்ற ரிங்குகளைக் கழற்றி மீண்டும் கோத்தார். ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் தேநீர் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

நான்காம் முறைக்குப் பின் சீட்டி நின்றது. ஐந்தாம் முறை, "இந்தக் கை எதுக்கும் லாயக்கில்ல" என்று வலது கையை மேசைமேல் வைத்து, இடது கையால் சுத்தியலை இறக்கினார். கட்டுப்போட்டவனும் நானே. இரண்டு விரல்கள் இனி மடங்காதாம். நகைச்சுவையாக ஏதோ சொன்னேன், சிரிக்கக்கூடச் செய்தார்.

நேற்று தங்கை உள்ளே வந்தாள்.

"அண்ணே, அந்த மூடியத் தொறக்கப்போறேன்."

"அது நான் போட்ட மூடிம்மா."

"அதனாலதான்."

இடைவெளி பார்க்கும் மெல்லிய தகட்டை மூன்றாவது சிலிண்டரின் வால்வில் நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினாள். எஞ்சினைச் சுழற்றியதும் முள் துள்ளி எழுந்தது.

"அஞ்சு தடவையும் இதேதானா?"

"அஞ்சு தடவையும் அரைச் சுத்துதாம்மா. அதுக்கு மேல ஒரு இம்மியும் இல்ல."

உண்மையைத்தான் சொன்னேன். இறுக்கியது நான். வால்வு மூடாமல், அழுத்தம் கசியும்படி இறுக்கினேன். பக்குவம் வருமுன் விடுதலை கொடுப்பது அடிமைத்தனத்தினும் கொடிது அல்லவா? அன்று அவர் ஓங்கிய சுத்தியலைப் பிடித்துத் தடுக்காமல் நான் நின்றதும் அவர் பக்குவத்துக்காகவே.

 அவள் கணவரை ஏற்றிக்கொண்டு அதே வண்டியில் போனாள். எஞ்சின், ஒப்புக்கொள்கிறேன், அருமையாக ஓடியது.

ஆகவே மக்களே, வாளாவிருக்காதீர்கள். அந்த வண்டியை எங்கே கண்டாலும் மறியுங்கள். மாப்பிள்ளையை என்னிடம் திருப்பி அனுப்புங்கள். அவருக்கு நல்ல விரல்கள் இன்னும் எட்டு இருக்கின்றன. கற்றுக்கொள்ள அவை போதும்.