தளபதி வீட்டு மூக்கு

தேநீருக்கு நன்றி, ஐயா. எலுமிச்சை போட்டிருப்பதால் தொண்டைக்கு இதமாக இருக்கிறது. கொஞ்சம் பக்கவாட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். அப்போதுதான் என் மூக்கு உங்களுக்குச் சரியாகத் தெரியும். பிரெஞ்சுப் படையை நம் ஆற்றங்கரையில் மறித்து நின்ற தளபதி போல்தோரினின் மூக்கு. சந்தேகம் இருந்தால் சதுக்கத்துச் சிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முப்பது வருடமாக அந்தப் போரின் நினைவு நாளில் அவர் வாரிசாகச் சிலைக்கு மாலை வைப்பவன் நான். ரொட்டிக் கடை வரிசையில்கூட, "தளபதி வர்றாரு, ஒதுங்குங்கப்பா. பீரங்கி கீரங்கி வெச்சிடப் போறாரு" என்று வழிவிடுவார்கள். என் மனைவி கிளாஃபிரா மட்டும், "எலியப் பாத்தா நாற்காலி மேல ஏறுற தளபதி" என்பாள். பெண்சாதியிடம் தோற்காத தளபதி யார்?

போன வாரம் வெனியமின் என்றொருவன் என் வீட்டுக்கு வந்தான். ஆவணக் காப்பகத்தில் வேலை, கூச்ச சுபாவி. தேவாலயப் பதிவேட்டின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் மழையைப் பற்றியே பேசினான்.

"மனசு வருத்தப்படாதீங்க, கபிதோன் சவ்விச். தளபதிக்கு ஒரே பொண்ணுதான். நீங்க அவரோட ஏவலாள் வழி. அடிமைத்தளையிலேர்ந்து விடுவிச்சப்ப, தன் குடும்பப் பேரையே அவருக்குக் குடுத்திருக்காரு."

"பூட்ஸ் துடைச்சவனா?"

"நல்லாத் துடைச்சிருக்காரு. தளபதியே எழுதி வெச்சிருக்காரே. அப்புறம்... அந்தப் பொண்ணு வழியில மிச்சம் நான் ஒருத்தன்தான். மாலைய நீங்களே வைங்க, எனக்குக் கூட்டம்னாலே உதறும். அருங்காட்சியகப் பலகையில மட்டும் சரியா எழுதிடலாம்."

நான் குரலை உயர்த்தவில்லை. விருந்தாளியை நீராவிக் குளியலுக்கு அழைப்பதுதானே முறை, அழைத்தேன். பதிவேட்டு நகலை வைத்துத்தான் குளியலறை அடுப்பைப் பற்றவைத்தேன். கங்கின் மேல் நீலச் சுடர் ஆடிக்கொண்டிருக்கும்போது புகைபோக்கியை மூடக்கூடாது, மூடினால் விஷக்காற்று என்பது இங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். வெனியமின் அடுக்குமாடியில் வளர்ந்தவன்.

உடம்பில் தட்டிக்கொள்ள பிர்ச் இலைக் கொத்தைக் கையில் கொடுத்து உள்ளே அனுப்பினேன். கதவுக்கு விறகுக்கட்டையால் முட்டுக் கொடுத்தேன். முன்னறைப் பக்கம் இருக்கும் புகைபோக்கித் தகட்டை இழுத்து மூடினேன். பிறகு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஓர் ஆப்பிளை நறுக்கித் தின்றேன்.

"கபிதோன் சவ்விச், தலைய சுத்துது. தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று இரண்டு தடவை கதவைத் தட்டினான். நல்ல வளர்ப்பு.

கைதவறி நடந்ததாகச் சொல்லச் சொன்னாள் கிளாஃபிரா. போர்வீரன் பரம்பரையில் பிறந்தவன் புளுகலாமா? கொன்றது நான்தான், வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. தளபதியின் வம்சத்தைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்த வம்சத்தில் இனி என்னை விட்டால் ஒருவரும் இல்லை.